சிவப்பு மூடி வைத்த நுனி

புனேயிலிருந்து மலையிறங்கிப் போனால் கடலுக்கு நாலு மணி நேரம். அந்தக் கடலின் அடியில் கிடக்கும் சேற்றைப் பார்த்துத்தான் விமான் நகரின் ஒரு நாலாவது மாடியில் எனக்குப் பிழைப்பு. கடலடியில் கேபிள் போடுகிறவர்களுக்கு எந்தச் சரிவு நிற்கும், எது பெயர்ந்துவிடும் என்று சொல்லும் வேலை. இத்தனை வருடத்தில் நான் கப்பல் ஏறியது ஒரே முறை. அதிலும் வாந்தியைத் தவிர வேறெதையும் ஆராயவில்லை.

என் மேலதிகாரி கட்கியில் தளவாட ஆலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். பேச்சின் முடிவில் 'நண்பா' என்பதுபோல் ஒரு ஹிந்தி 'யார்' ஒட்டிக்கொள்ளும். என்னை 'அண்ணா' என்பார். அந்த அண்ணாவைக் கேட்டாலே நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருமுறை, ஒலியலைப் படம் ஒன்றைப் பார்த்து, இந்தச் சரிவு ஏற்கெனவே பலமுறை இடிந்து விழுந்திருக்கிறது, கேபிள் இங்கே வேண்டாம் என்று எழுதினேன். வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"அண்ணாவுக்கு எதைப் பார்த்தாலும் சரியற மாதிரியே தெரியுது யார். தலையில முடி சரிஞ்சு போச்சில்ல, அந்த எஃபெக்ட்."

புரியாதவர்களுக்காக ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னார்.

வரைவு அறிக்கையில் என் பத்தியும் இல்லை, பெயரும் இல்லை. அதுவரை எந்த அறிக்கையிலும் என் பெயர் வந்ததில்லை. இதில் வரும் என்று வீட்டில் வேறு சொல்லிவைத்திருந்தேன். அன்றிலிருந்து, வீடு இருக்கும் ஹடப்சரிலிருந்து விமான் நகர் வரை ஸ்கூட்டரில் அவரை ஒழிப்பதைப் பற்றியே யோசித்தேன். அந்த நெரிசலில் ஒரு சாம்ராஜ்யத்தையே கவிழ்க்கத் திட்டம் போடலாம்.

அவர் சிரித்த மறுநாளே அதே சரிவில் செங்குத்தாக இறக்கிச் சேற்றோடு எடுத்த குழாய் வந்து இறங்கியது. ஐந்து மீட்டர் நீளம். அதை ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் மேல்நுனியில் சிவப்பு மூடியும் கீழ்நுனியில் கறுப்பு மூடியும் போடுவது எங்கள் வழக்கம். நான்தான் அறுத்தேன். ஒவ்வொரு துண்டையும் அவர் கழுத்தாக நினைத்துக்கொண்டதில் வேலை சீக்கிரம் முடிந்தது. சேற்றைப் படித்து முடிவு சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

மாதம் ஒன்று போனது. முடிவைச் சொல்லும் நாள் காலையில், கூட்ட அறை மேசைமேல் நெடுக்காகப் பிளந்து வைத்திருந்த மூன்றாம் துண்டைப் பார்த்தேன். மற்றவற்றில் வெறும் சேறு. இதில் மட்டும் மணல் அடுக்குகள்.

ஹடப்சரில் பெருமழை விட்ட மறுநாள் சாலையோரத்தைக் கிளறினால் அடியில் ஜல்லியும் மணலும் இருக்கும், மேலே வழவழவென்று சேறு. கனமானது முதலில் படியும், மெல்லியது கடைசியில். கடலடிச் சரிவு இடிந்து கலங்கி ஓடினாலும் அப்படித்தான் படியும். மேசைமேல் இருந்த துண்டிலோ ஒவ்வோர் அடுக்கிலும் சேறு கீழே, மணல் மேலே. இதை வைத்து அவர், இங்கே எதுவும் இடியவில்லை, கடல் நீரோட்டம் மெல்ல மெல்ல வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார்.

துண்டு தலைகீழாக இருந்தது.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கீழே போய் ஒரு வடாபாவ் சாப்பிட்டேன். அத்தனை ருசியான வடாபாவை அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் இல்லை. பிறகு கூட்டத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வாடிக்கையாளர் தரப்பு நிபுணர் ஒரு மராட்டிய அம்மையார். அவர் கண்டுபிடித்துக் கிழிப்பார், நான் கைகட்டி வேடிக்கை பார்க்கலாம் என்பது என் திட்டம். அம்மையார் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏக்தம் க்ளியர், சந்தேகமே இல்ல. இதே பாதைதான், முடிவு பண்ணிடலாம்" என்றார்.

இடியும் சரிவின் மேல் கேபிள் போகப்போகிறது. பழிவாங்கும் வாய்ப்பும் போகப்போகிறது. இரண்டில் எது என்னை எழுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மேடம், அந்தத் துண்டைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க" என்றேன். என் ஹிந்தி சண்டைக்கு உதவாது. அன்று உதவியது.

அம்மையார் துண்டைத் திருப்பினார். மணல் கீழே போனது, சேறு மேலே வந்தது. நான்கு அடுக்குகள், நான்கு இடிபாடுகள். என் பத்தியில் எழுதியது அப்படியே அங்கே கிடந்தது. மேலதிகாரியின் முகம் வெளுப்பதை நான் நிதானமாக, கண்கொட்டாமல் பார்த்தேன்.

அவர் குனிந்து சிவப்பு மூடியைக் கையில் எடுத்தார். அதில் நீல மார்க்கரில் தேதியும் ஓர் அம்புக்குறியும்.

"அண்ணா, இது உங்க கையெழுத்துதானே?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு மறுநாளின் தேதி.

"அண்ணா போட்டா சரியா இருக்கும்னு நம்பிட்டேன் யார்" என்றார். புரியாதவர்களுக்காக ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னார்.

அவர் என்னை நம்பியது அந்த ஒரே முறைதான்.

பாதை மாறியது. என் பத்தி அறிக்கைக்குத் திரும்பி வந்தது, அவர் பெயரில். என் பெயரும் வந்தது: மூன்றாம் துண்டுக்கு மூடிகளை மாற்றிப் போட்டவர் இன்னார் என்று அடிக்குறிப்பில்.

அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பெயரை மட்டும் படித்தாள்.

"பேரு வந்திருக்கே! ஏன் இவ்ளோ பொடி எழுத்துல போட்டிருக்கான் அந்த ஆளு? பொறாமை பிடிச்சவன்."

"ஆமாம்" என்றேன். அந்த விஷயத்தில் அவருக்காகப் பரிந்து பேச எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.