ஜீப்பின் வாலைத் தூக்கிய த்ரேசியா

ஆனைச்சாடி ஸ்டாண்டில் ஜீப் ஓட்டிய எங்களில், நைட்டிக்கு மேல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியவர் த்ரேசியா சேச்சி ஒருத்திதான். அவர் கணவர் இட்டூப்பு மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது சாவியைக் கையில் எடுத்தவர், அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் திருப்பித் தரவில்லை.

"உங்களுக்கு இடுப்பு சரியில்ல. எனக்கு வாய்தான் சரியில்ல. ஸ்டியரிங் பிடிக்க வாய் எதுக்கு?" என்று கேட்டாராம்.

எங்கள் மலைப்பாதையில் பள்ளிக்கு மேலே ஒரு வளைவு. அங்கே ஒரு பாறை ஆமை முதுகு மாதிரி பாதையின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும். ஏலக்காய் மூட்டைகளைச் சுமந்து சுமந்து சேச்சி வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. ஆள் ஏற்றிக்கொண்டு அந்தப் பாறையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியின் வால் அதில் உரசி 'கிர்ர்ர்' என்று கத்தும். கீழே ஸ்டாண்டில் எங்களுக்குக் கேட்கும்.

"சேச்சி, பட்டையில தப்பே இல்ல. டிரைவர் சீட்டுல இருக்கற பாரம்தான் பிரச்சினை" என்பான் சாண்டி. ஸ்டாண்டிலேயே பெரிய உடம்பு அவனுடையதுதான்.

"நான் உக்காந்திருக்கறது முன்னாடி. இடிக்கறது பின்னாடி. பள்ளிக்கூடத்துல கணக்கு நேரம் பூரா தூங்கினியாடா?"

வாயால் ஜெயித்தாலும் உள்ளுக்குள் சேச்சிக்கு வலித்தது. வண்டியைக் கொண்டுபோய் அவறாச்சன் மேஸ்திரியின் ஷெட்டில் விட்டார். அவறாச்சன் பட்டைகளைக் கழற்றி அடித்து வளைத்து, கூட ஒரு பட்டை சேர்த்தார். வண்டி உயர்ந்தால் பிரேக் குழாய் எட்டாது என்று அதையும் நீளமானதாக மாற்றினார்.

"ரெண்டு விரல் தூக்கியிருக்கேன் சேச்சி. இது போதும். இன்னும் தூக்கினா வண்டி குதிக்கும்."

சேச்சி ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போனார். பாறை இந்த முறை 'கிர்ர்ர்' என்று கத்தவில்லை. 'கிர்' என்றது. சாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. "பாதி ராகந்தான் பாடுது. மிச்சம் அடுத்த வாரமா?" என்று கேட்டுவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சேச்சி வீட்டு முற்றத்தில் ஜாக்கி போட்டார். பழைய மினி லாரியின் பட்டைகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தார். இட்டூப்பு ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுக்க, பக்கத்துக்கு இரண்டாக அவற்றையும் சொருகி இறுக்கிவிட்டார்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்த ஜீப்பைப் பார்க்க நாங்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றோம். முகம் தரையை மோந்து பார்த்தது. பின்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்னால் நின்றால் அச்சு, குழாய் என்று வண்டியின் அந்தரங்கம் எல்லாம் தெரிந்தது.

"என்ன சேச்சி, வண்டிக்கு முண்டு மடிச்சுக் கட்டிவிட்டிருக்கீங்க?" என்றான் சாண்டி.

பின்சீட்டில் ஏறிய கன்னியாஸ்திரீகள் ஒருவர் மேல் ஒருவர் வழுக்கிக்கொண்டு வந்து சேச்சியின் முதுகில் முட்டினார்கள். காலியாக இறங்கினாலோ வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. அவறாச்சன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"இது ஜீப்பா வெட்டுக்கிளியா? ஒண்ணு, பட்டையக் கழட்டுங்க. இல்லைன்னா பின்னாடி எப்பவும் நல்ல பாரம் வையுங்க."

கழற்றினால் சாண்டி சிரிப்பான். அதனால் சேச்சி பாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து ஆளைப் பார்த்துத்தான் ஏற்றுவார். "மோளே, நீ ஈர்க்குச்சி, வேற வண்டியில போ. குஞ்ஞன்னாம்மா, நீங்க வாங்க!" சேச்சி கூப்பிட்டாலே அவமானம் என்று ஆகிவிட்டது. பங்குச் சாமியாரை ஒருநாள் அன்போடு கூப்பிட்டார். சாமியார் அன்றே ராத்திரிச் சாப்பாட்டைக் கஞ்சியாக்கிக்கொண்டார் என்று கோயில்காரர் சொன்னார்.

சாண்டியின் மகள் லிஜிக்கு நிச்சயம் வந்தது. வீடு மலை உச்சியில். மாப்பிள்ளை வீட்டாரை மற்ற ஜீப்புகள் முதலிலேயே ஏற்றிப் போய்விட்டன. கீழே சமைத்த பிடி என்கிற அரிசிமாவு உருண்டைகளையும் கோழிக்கறியையும் அண்டா மாதிரி நான்கு பெரிய செம்புகளில் ஏற்றிக்கொண்டு சாண்டி கிளம்பினான். செம்பைப் பிடித்துக்கொள்ள நானும் கூட இருந்தேன். பாறைக்குக் கொஞ்சம் கீழே 'டங்' என்று ஒரு சத்தம். சாண்டி வண்டியின் மெயின் பட்டை இரண்டாக உடைந்து, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

மேலேயிருந்து காலி வண்டியைத் துள்ளவிட்டுக்கொண்டு வந்தார் சேச்சி. நிறுத்தினார். உடைந்த பட்டையைக் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"டிரைவர் சீட்டு பாரம்" என்றார்.

"சேச்சி, காலைப் பிடிக்கறேன். சம்பந்தி வீட்டுக்காரங்க பசியோட உக்காந்திருக்காங்க."

"ஏத்து. ஆனா பாரம் போதாதே."

"நாலு செம்பு சேச்சி!"

"போதாதுடா. நீயும் ஏறு. கடைசியில, கதவோரமா."

பட்டு ஜுப்பாவோடு சாண்டி கடைசியில் உட்கார்ந்து கோழிக்கறிச் செம்பைக் கட்டிப்பிடித்தான். வண்டி மெல்லத் தாழ்ந்து, ரசமட்டம் வைத்தது போல நேராக நின்றது. சேச்சி திருப்பி மேலே விட்டார். பாறை வந்தது. இன்னொரு செம்பைப் பிடித்தபடி நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. சாண்டி குனிந்து கீழே பார்த்தான். ஒரு கை இடைவெளி விட்டுப் பாறை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்தில் சம்பந்திகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். குழம்பு சிந்திய ஜுப்பாவோடு சாண்டி இறங்க, சேச்சி உரக்க அறிவித்தார்: "பொண்ணோட அப்பாவைப் பத்திரமா கொண்டுவந்துட்டேன். இவ்வளவு நல்ல பாரம் நான் இதுவரைக்கும் ஏத்தினதே இல்ல!"

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருமினார். சாண்டியும் வேறு வழியில்லாமல் சிரித்தான். பந்தியில் சேச்சிக்கு அவனே நின்று பரிமாறினான்.

அடுத்த வாரம் அவறாச்சன் ஷெட்டில் சாண்டியின் ஜீப் கட்டைமேல் ஏறி நின்றது. சேச்சி கட்டன் சாயா குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு தூக்கற?"

"சேச்சி வண்டியவிட ஒரு விரல் கம்மியா."

"அதுதான் மரியாதை" என்றார் சேச்சி. சாண்டியின் கையிலிருந்த கிளாஸை வாங்கி, மிச்சச் சாயாவையும் குடித்துவிட்டுப் போனார்.