அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை

ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் நான் போட்ட முதல் என்று பார்த்தால் சந்தேகம் ஒன்றுதான். திருவொற்றியூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போனால் என் அலுவலகம். வேலை தேடி வருகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் நான் அவரைப் பாதி சந்தேகப்பட்டு முடித்திருப்பேன். அவர் வாயைத் திறந்ததும் மீதிப் பாதி.

காரணம் இல்லாமல் இல்லை. கண்டிப்பாக வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தவர்கள், வேலையில் சேர வேண்டிய நாளன்று காலையில் போனை அணைத்துவிட்டுக் கம்பி நீட்டுவார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தின் சம்பள ரசீதைக் கேட்டால் ஜெராக்ஸ் கடையில் சுடச்சுடத் தயாரான ரசீது வரும். கம்பெனி வேறு வேறு, எழுத்துப் பிழை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. கம்பெனிக்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? நான் அனுப்பிய ஆளின் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு, இவர் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று கையை விரிப்பார்கள். மறுவாரம் எனக்குக் கமிஷன் தராமல் அதே ஆளை நேரடியாகக் கூப்பிட்டு வேலையில் வைத்துக்கொள்வார்கள். தொழில் உறவுக்கு நம்பிக்கைதான் அஸ்திவாரம் என்று பயிற்சி வகுப்புகளில் கோட்டு போட்டவர்கள் பேசுவார்கள். டீயும் பிஸ்கட்டும் நன்றாக இருந்ததால் நானும் போய்க் கேட்டிருக்கிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டிப் பிழைப்பவளுக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை.

எண்ணூர் சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் கிடங்கின் எச்.ஆர். மேடத்தைப் பிடிக்க நான் படாத பாடு பட்டேன். தீபாவளிக்கு இனிப்பு அனுப்பினால் பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்தது. லஞ்சம் என்று நினைத்திருப்பார். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது, நம் ஜாதி என்று. கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். இந்த ஒரு இடத்தைச் சரியாக நிரப்பிக் காட்டுங்கள், புதிதாகக் கட்டும் கிடங்கின் அலுவலக வேலைகளுக்கு ஆட்களை உங்கள் வழியாகவே எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

நான் அனுப்பியது கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தியை. பி.காம். படித்தவள், சுங்கக் காகிதங்கள் பற்றிய பயிற்சியும் முடித்திருந்தாள். ரயில்வே கேட்டை ஒட்டிய தெரு என்று வீட்டு முகவரியைத் தெளிவாக எழுதியிருந்தாள். அதற்கும் நான் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கு எழுதும்போது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எழுத மாட்டார்கள். அந்தப் பேரைப் பார்த்ததுமே ரவுடி ஏரியா என்று பயோடேட்டாவை மூடி வைக்கிற கம்பெனிகள் உண்டு. அதனால் கொளத்தூர் சித்தி வீடு, மாதவரம் மாமா வீடு என்று ஏதாவது ஒரு முகவரியைப் போடுவார்கள். இவள் ஏன் உண்மையைப் போடுகிறாள் என்று யோசித்தேன்.

நேர்முகத்தில் தேறிவிட்டாள். மேடத்துக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. முகவரி விசாரணை மட்டும் பாக்கி. அதற்கென்றே ஒரு நிறுவனம், அதற்கென்றே ஒரு ஆள். அவர் தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம், இன்னார் இங்கே குடியிருக்கிறாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அவர் போய்விட்டு வந்த அன்று மாலை மேடத்தின் போன் வந்தது. குரலில் ஐஸ் கட்டி. அந்தப் பேரில் அந்தத் தெருவில் யாருமே இல்லையாம். கேட்ட அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்களாம். நீங்கள் யாரை எங்களிடம் அனுப்பினீர்கள் என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால், அதே வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன் என்று அழுதாள். அழுகையை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சரக்கு ரயில் ஒன்று கேட்டை மறித்துக்கொண்டு நகர மனமில்லாமல் நின்றது. அது போய் முடிந்து நான் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடம் பெண்ணின் பேரைச் சொல்லிக் கேட்டேன். பதில் வரவில்லை, கேள்விதான் வந்தது. யாரு நீ, எங்கிருந்து வர்றே, இன்னா விசயமா? நான் சொன்னேன். அப்படி யாரும் இல்லை என்று சட்னி வாளிக்கு மூடியைப் போட்டார். குழாயடியில் கேட்டேன். அங்கேயும் அதே மூன்று கேள்வி, அதே பதில். கடைசியாக, கதவு எண் சரியாக இருந்த வீட்டின் வாசலிலேயே ஒரு அம்மா உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அவரும் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லமா. காலி பண்ணிகினு போய் ரொம்ப நாளாவுது."

எனக்குக் காதில் பூ சுற்றிவிட்டாள் என்று முடிவு கட்டி, அங்கேயே நின்று அந்தப் பெண்ணின் நம்பரை அழுத்தினேன். போன் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள் அடித்தது. அந்த அம்மா அசையவில்லை. கத்தி பாட்டுக்கு மீனைச் சீவிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஈரத் தலையோடு அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து, "சொல்லுங்க மேடம்" என்றாள். அவள் குரல் என் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. மீன் ஆய்ந்தவர் அவளைப் பெற்ற தாய்.

நான் கத்தினேன். பெற்ற பெண்ணையே இல்லை என்று சொல்கிற தாயை இப்போதுதான் பார்க்கிறேன், உங்கள் வாயால்தான் அவள் வேலை போகப் போகிறது என்றேன். அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கோபப்படவில்லை. எனக்கு உட்காரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"மின்ன ஒரு தபா இதே மாறி பைய மாட்டிகினு ஒருத்தன் வந்தான். எம் புள்ள பேரச் சொல்லி, தோஸ்துன்னான். நான்தான் சிரிச்சிகினே வூட்டக் காட்டுனேன். அவன் போலீசு. எங்கியோ எவனோ போட்ட சண்டை, எம் புள்ளயயும் சேர்த்து உள்ள தள்ளிட்டானுங்க. இன்னும் கோர்ட்டு கோர்ட்டா அலையறான். அதுலேர்ந்து இந்தத் தெருவுல பேரச் சொல்லிக் கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவோம்."

சரி, இந்த ஒரு முறை மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள், அடுத்து வருகிறவரிடம் வாயைத் திறக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பை மாட்டிக்கொண்டு வருகிறவனிடம் சொல்லலாம் என்று தெரு ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது, இவன் கம்பெனி, அவன் போலீசு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறான் என்று கேட்டார். பக்கத்து வீடுகளிலும் வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் பெண்ணின் வேலைக்காக அவர்களைக் காட்டிக் கொடுக்க முடியாது. அந்தப் பெண் கதவில் சாய்ந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது தப்பு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். விசாரணை ஆளை மறுபடி அனுப்புங்கள், நான் கூடவே நின்று பேச வைக்கிறேன் என்றேன். ஏஜென்சி ஆள் கூட இருந்தால் அந்த விசாரணை செல்லாது என்றார். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவள் சேர்ந்தால் உங்களுக்கும் லாபம் இருக்கிறதே என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் திட்டக்கூட முடியவில்லை. நான் இருந்தால் கம்பெனி நம்பாது. நான் இல்லாவிட்டால் தெரு பேசாது. வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது, இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுபடி தெருவுக்குப் போனேன். வழியைச் சொன்னது பெண்ணின் அம்மாதான். எங்கள் தெருவில் வந்து கேட்டால் சொல்ல மாட்டோம், அவர்கள் இடத்துக்கே வந்து சொல்கிறோம் என்றார். இட்லிக் கடை அம்மாவும், குழாயடியில் என்னை விரட்டிய, கொடுங்கையூரில் குப்பை பிரிக்கும் வேலைக்குப் போகிற அம்மாவும் கூட வரச் சம்மதித்தார்கள். மேடத்திடம் சொன்னேன். விதிமுறையில் இப்படி ஒன்று இல்லை என்றார். அப்புறம், ஆதார் அட்டையோடு வரட்டும், விசாரணை ஆள் தனித்தனியாகக் கேட்பார், நீங்கள் உள்ளே வரக்கூடாது என்றார்.

அந்த மூவரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள், நான் பின்னால் ஸ்கூட்டியில். கிடங்குக்குத் திரும்புகிற இடத்தில் டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, நான் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டேன். ஒருவழியாக வாயிலுக்கு வந்து பார்த்தால், மூன்று பேரும் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். பெண்ணின் அம்மா செக்யூரிட்டியிடம் மேடத்தின் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் மூவரையும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, யார் நீங்க, எங்கிருந்து வர்றீங்க, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம்.

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் கம்பிவேலியில் சாய்த்துவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், உங்க வாசல்லதான் நிக்கிறோம். அப்படி ஒருத்தரே இங்க இல்லைன்னு உங்க ஆள் சொல்றார்."

போன் கட்டானது. பிறகு மேடமே இறங்கி வந்தார். செக்யூரிட்டி எழுந்து விறைத்து நின்றார். இவர் மேல் தப்பில்லை, நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், யார் யாரோ என் பேரைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்த மேடம், பாதியில் நிறுத்திவிட்டு அந்த மூன்று பெண்களையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர்களை உள்ளே அழைத்துப் போனார்.

நான் வாயிலுக்கு வெளியே நின்றேன். உள்ளே இட்லிக் கடை அம்மா எக்குத்தப்பாக எதையாவது உளறி வைப்பாரோ என்று கம்பிவேலி வழியே எட்டி எட்டிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து வந்தார்கள். விசாரணை ஆள் கேட்டது கொஞ்சம்தானாம். அதற்கப்புறம் இவர்கள் கேட்டதுதான் அதிகமாம். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் தனியாக இருக்கிறதா, கப்பல் வருகிற நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர்கள், கூட்டிக்கொண்டு வந்து விடுகிற வண்டியை ஓட்டுகிறவன் யார் என்று பெண்ணின் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். வழியனுப்ப வந்த மேடம் என்னிடம், திங்கட்கிழமை அவளை வரச் சொல்லுங்கள் என்றார். எனக்கு அப்போதே துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகம் இன்னும் இறுகியே இருந்தது. போகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மற்ற இருவரும் ஆட்டோவில் ஏற, அவர் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். லாரிகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டினேன். எல்லாம் கூடி வந்த நேரத்தில் இந்த அம்மா பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? பொறுக்க முடியாமல், என்ன யோசனை என்று கேட்டேன்.

"நாங்க வாசல்ல நின்னப்ப அந்த மேடம் மாடில ஜன்னலாண்ட நின்னுகினு இருந்துச்சி. எனக்கே தெரியுது, அந்த வாச்சுமேனுக்குத் தெரியாதா? கண்ணு முன்னாலயே இல்லன்னுட்டாம் பாரு" என்றார்.

அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நாளைக்கு எம் பொண்ணு பேரச் சொல்லி எவனாவது வந்து கேட்டாலும் அப்டித்தான் சொல்லுவானா?"

அப்படித்தான் சொல்லுவார் என்றேன்.

"அப்பிடின்னா அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, அதுவரை வண்டிக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து என் தோள் மேல் வைத்துக்கொண்டார்.