ஒன்பதாவது குழாய்

இது இரவில் நடந்திருந்தால், ஏதோ தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் என் கொழுந்தனின் வலது கையை ஒருமுறை பார்த்தால் போதும். அவன் காட்டமாட்டான், அது வேறு விஷயம்.

நான் கணினி நிரல் எழுதுகிறவள். மூடிக்கிடந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் நிலத்தடி நீரை ஆராயும் குழுவில் அப்போது வேலை பார்த்தேன். வளாகம் முழுக்கப் பதினாறு இடங்களில் துளை போட்டு, இரும்புக் குழாய் இறக்கியிருந்தோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒயரில் கட்டித் தொங்கும் ஒரு உணர்கருவி. தண்ணீரின் மட்டம், சூடு, அதில் கலந்திருக்கும் விஷத்தின் அளவு, மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். என் நிரல் அவற்றைச் சேர்த்து, மண்ணுக்கடியில் விஷம் எங்கே பரவுகிறது என்று வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். எது இயல்பான அளவு, எது கருவிக் கோளாறு என்று பழைய பதிவுகளைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும்.

வளாகத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு குடியிருப்பு. அங்கே கிணறுகளை எல்லாம் பூட்டி வைத்திருந்தார்கள். திறக்கலாமா வேண்டாமா என்பதை எங்கள் அறிக்கைதான் முடிவு செய்யும். சின்னக் குழந்தைகள் குடிக்கிற தண்ணீர். அதனால் நான் ஒரு எண்ணைக்கூட அலட்சியமாகத் தள்ளமாட்டேன்.

கருவிகளை இறக்குவது, ஏற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் என் கொழுந்தன். என் கணவருக்கு ஒரே தம்பி. வீட்டில் அவனுக்குப் பெயர் மின்னல். அவ்வளவு மெதுவாக நடப்பான், அதனால். ஆனால் வேலையில் சுத்தம். அவன் கட்டிய முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

முதலில் ஒன்பதாவது குழாய்தான் தகராறு செய்தது.

மற்ற பதினைந்திலும் தண்ணீர் இருபத்தாறு டிகிரி. ஒன்பதில் மட்டும் அவ்வப்போது முப்பத்தேழு. நிரல் அதைக் கோளாறு என்று ஒதுக்கியது. மின்னல் கருவியை மாற்றினான். மறுபடியும் முப்பத்தேழு. வேறு கம்பெனிக் கருவியை இறக்கினான். அதே முப்பத்தேழு.

“அண்ணி, கருவி நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்குத்தான் ஜுரம்” என்றான்.

சிரித்தோம். 

மூன்றாவது முறை மேலே எடுத்தபோது ஒயரின் மேல்தோல் அங்கங்கே நசுங்கியிருந்தது. பரீட்சையில் பையன்கள் பேனா மூடியைக் கடித்து வைப்பார்களே, அப்படி.

“எலியா இருக்கும்” என்றான்.

“தண்ணிக்கு அடியில எலியா?”

அவன் ஒயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுருட்டிப் பையில் போட்டான்.

அடுத்தது வரைபடம். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். விஷமும் அதோடு போகும். ஆனால் ஒன்பதைச் சுற்றியிருந்த சிவப்பு, மேட்டுப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடும் திசைக்கு நேர் எதிராக. மேட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டடம். நாங்கள் வேலை பார்த்த தகரக் கொட்டகை.

கணக்கில் எங்கோ தப்பு என்று நினைத்தேன். நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தப்பில்லை. சிவப்பு நகரும் நாட்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நகரவில்லை. மழைக்கு விடுமுறை விட்ட இரண்டு நாளும் நகரவில்லை. கொட்டகையில் ஆள் இருந்த நாட்களில் மட்டும்தான் அது நகர்ந்திருந்தது.

எங்கள் குழுத் தலைவிக்கு, மேடம் என்போம், போன் செய்தேன்.

“ஏம்மா, மண்ணுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? ஒன்பதைத் தூக்கிட்டு மீதிப் பதினஞ்சை வச்சு அறிக்கையை முடி.”

“மேடம், தூக்கினா கீழ்க் கிணறெல்லாம் சுத்தம்னு வரும். அப்புறம் ஜனங்க குடிச்சிடுவாங்க.”



“சரி. இன்னைக்கே ஒருதடவை ஒன்பதைத் திறந்து பார்த்துடுங்க. ரெண்டு பேரும் போங்க.”

போனோம்.

மணி இரண்டரை இருக்கும். வாசல் காவலாளி தொலைவில், தன் கூண்டில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார். வளாகத்தில் எங்களைத் தவிர ஒரு காக்கை கூட இல்லை.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரைக்கு மேல் முழங்கால் உயரம். வாய் ஆறு அங்குல அகலம். ஒரு பூனைக்குட்டி உள்ளே போகலாம். பூனை போகாது.

மின்னல் மூடியின் பூட்டைத் திறந்தான். உள்ளேயிருந்து சூடான காற்று வந்தது. நாற்றம் இல்லை. ரசாயன நெடி இல்லை. கூட்டமான பேருந்தில், பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேரே மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

நான் மடிக்கணினியைத் திறந்து, கருவியை நொடிக்கு ஒருமுறை அனுப்ப வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

டங்...

இரும்பில் ஏதோ தட்டியது. உள்ளேயிருந்து.

டங்... டங்...

“கருவி ஆடுது அண்ணி. குழாய்ல இடிக்குது” என்றான். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒயரை வலது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான்.

வந்தது. பிறகு நின்றது.

“மாட்டிக்கிச்சு.”

“விட்டுட்டுத் திரும்ப இழு.”

விட்டான். இழுத்தான். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு இழுப்பு.

என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

“அண்ணி... கீழ யாரோ...”

அவ்வளவுதான்.

அவன் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. கண் இமைப்பதற்குள் முழங்கை. அடுத்த இழுப்பில் அவன் முகம் குழாய் விளிம்பில் மோதியது. உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று தெறித்து என் செருப்பின் மேல் விழுந்தது.

அவன் கத்தினான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். என் கால் இரண்டும் மண்ணில் வழுக்கின.

ஒரு நொடி இழுப்பு நின்றது.

மறுபடியும் இழுத்தது. மறுபடியும் முகம் இரும்பில். காது பாதி பிய்ந்தது. என் கையெல்லாம் ரத்தம். பிடி வழுக்கியது.

நான் காவலாளியைக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். அந்தத் தொப்பி அசையவில்லை.

“ஒயரு... ஒயரை வெட்டுங்க அண்ணி...”

கருவிப் பையைக் கவிழ்த்தேன். வெட்டுகத்திரி கிடைத்தது. அவன் தோளுக்கும் குழாய்க்கும் நடுவில் வெட்டுகத்திரியை நுழைத்து ஒயரை வெட்டினேன். அறுந்த ஒயர் அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு குழாய்க்குள் விழுந்தது.

இழுப்பு நிற்கவில்லை.

ஒயர் அவனை இழுக்கவில்லை.

தோளில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம். அவன் கத்துவது நின்றது. கண் மேலே சொருகியது.

அப்போது பார்த்தேன்.

அவன் கைக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில், விரல் நுழைகிற இடுக்கு. அந்த இடுக்கில்...

நான்கு விரல்கள்.

சாம்பல் நிறம். நகம் இல்லை. உள்ளேயிருந்து வந்து, குழாயின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன.

அவை அவனுடையவை அல்ல.

பையிலிருந்து விழுந்த பெரிய ஸ்பேனர் கையில் அகப்பட்டது.

அடித்தேன்.

எலும்பு நொறுங்குவது என் உள்ளங்கை வரை தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மிருகம் இல்லை. காற்று இல்லை. ஆணின் குரல். அழுகிற குரல்.

“தொறங்கய்யா...”

மறுபடியும் அடித்தேன்.

விரல்கள் போய்விட்டன.

மின்னல் என் மேல் சாய்ந்தான்.

உள்ளே... வெகு ஆழத்தில்... ஏதோ விழுந்துகொண்டே போனது. ஒன்றன் பின் ஒன்றாக. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

மூடியைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். காவலாளி ஓடிவந்தார். எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். என் மடியில் கிடந்தவனைப் பார்த்ததும் அவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைச் சுத்தம் செய்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“என்ன நடந்தது?”

“மெஷின் இழுத்துடுச்சு டாக்டர்.”

“மெஷினுக்குப் பல்லு உண்டாம்மா?”

அவர் கையுறையைக் கழற்றினார்.

“நாய்க்கடி எனக்குத் தெரியும். இது மனுஷக் கடி. முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும். ஒரு வாய் இல்ல. குறைஞ்சது அஞ்சாறு வாய்.” சொல்லிவிட்டு என் வாயை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் போலீஸும் அதே பார்வைதான் பார்த்தது.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். தோள் சேர்ந்தது, ஆனால் கை பழையபடி தூக்க வரவில்லை. என் கணவர் தம்பியின் கட்டிலை விட்டு நகரவே இல்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மின்னல் அவனாகவே பேச்செடுத்தான். நான் அவனுக்குச் சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு தம்பி.”

“அவங்க என்னைக் கீழ இழுக்கல.”

“பின்ன?”

“என் கையைப் பிடிச்சு ஏறினாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர்.”

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒன்பதை விடாமல் சேர்த்துத்தான் அறிக்கையை முடித்தேன். மேடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கீழ்க் கிணறுகள் பூட்டியே இருந்தன. குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வந்தது.

அடுத்த வருடம் விஷ மண்ணை வெட்டி எடுக்க அங்கே பெரிய இயந்திரங்களை இறக்கினார்கள். ஒன்பதாவது குழாயிலிருந்து முப்பது அடி தள்ளி, மண்ணுக்கடியில் ஒரு கான்கிரீட் தொட்டி இருந்தது. தொழிற்சாலையின் எந்த வரைபடத்திலும் அது இல்லை. எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டி. சுவர் இரண்டு அடி கனம், ஒரு விரிசல் கிடையாது. உள்ளே பதினோரு பேர். எலும்பாக.

எலும்புகளை ஆராய்ந்த நிபுணர் ஒரு பெண்மணி. மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் பற்றிக் கேட்க என்னைத் தேடி வந்தார். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. தேநீரை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் துறையில இருபது வருஷமா இருக்கேன்மா. இப்படிப் பார்த்ததில்ல” என்றார். “தொட்டிக்குக் காத்து போக மேல ஒரு குழாய் வச்சிருக்காங்க. பின்னாடி அதுலயும் சிமென்ட் ஊத்திட்டாங்க. உள்ள இருந்தவங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி அந்தக் குழாய் வழியா கையை வெளிய நீட்டியிருக்காங்க. பதினோரு பேருக்கும் வலது கை விரல் உடைஞ்சிருக்கு. நீட்ட நீட்ட மேல நின்னு யாரோ இரும்பால அடிச்சிருக்காங்க.”

அவர் ஆறிய தேநீரைத் தள்ளி வைத்தார்.

“அதுவாவது எனக்குப் புரியுது. மனுஷன் செய்யக்கூடியதுதான். புரியாதது வேற ஒண்ணு.”

“என்ன?”

“எலும்பு மண்ணுக்கடியில கிடந்தா கறுத்துப்போகும். உடைஞ்ச இடமும் சேர்ந்து கறுக்கும். பத்துக் கைல அப்படித்தான் இருக்கு. எல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தினது. ஒரு கைல மட்டும் உடைஞ்ச இடம் வெள்ளை வெளேர்னு இருக்கு. தொட்டியைத் திறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி உடைஞ்சிருக்கணும். அவ்வளவு புதுசு. அடைச்ச தொட்டிக்குள்ள, செத்து முப்பது வருஷம் ஆனவன் கையை யாரும்மா உடைச்சிருப்பாங்க?”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாலு விரல்” என்றார். “ரெண்டே அடி. நல்ல கனமான ஸ்பேனரா இருக்கணும்.”