ரெக்ஸின் தொட்டில்

வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர். முன் சீட்டில் மாட்டுங்கா அம்மா. மாட்டுங்காவில் இருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். பின் சீட்டில் நான். என் பக்கத்தில் அம்மாவின் நாய். வேறு யாரும் இல்லை.

நாய்க்கு வயதாகிவிட்டது. பைக் ஒன்று இடித்துப் பின்னங்கால் உடைந்து, வாஷியில் இருக்கும் நாய் டாக்டர் உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார். அன்றைக்குத் தையல் பிரிக்க வேண்டும். அம்மா ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். எங்கே போக வேண்டுமென்றாலும் எங்கள் வாடகைக் காரைத்தான் கூப்பிடுவார்.

முந்தின நாள் போனில் சொன்னார். “பதினாலு தையல் போட்டிருக்கா. ஒண்ணு பிரிஞ்சாக்கூட மறுபடி மயக்க மருந்து குடுத்துத் தைக்கணுமாம். இந்த வயசுல அவ தாங்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். பாத்து ஓட்டணும்.”

“ஆராமா, மெதுவாவே போலாம்மா,” என்றார் இவர். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏட்டி, சீட்டு புதுசு. நகம் பட்டா போச்சு. எதாவது தைச்சுப் போடு.”

“சீட்டப் பத்தித்தான் கவலை.”

“காலப் பத்திக் கவலப்பட அந்தம்மா இருக்காங்க. சீட்டுக்கு நான்தான தவணை கட்டுதேன்.”

நான் தாராவியில் ரெக்ஸின் பை தைக்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன். மீந்த ரெக்ஸின் இருந்தது. முன் சீட்டின் தலைசாய்ப்பில் இரண்டு வார், பின் சீட்டில் இரண்டு வார். நடுவில் தொங்கவிட்டால் தொட்டில். கால் வைக்கும் பள்ளம் மூடிவிடும், நாய் அதில் விழாது. பள்ளிக்கூடப் பையின் வார்களை எடுத்து நாயின் மார்புக்கு ஒரு பட்டை தைத்தேன். அதைக் காரின் பெல்ட்டோடு மாட்ட வேண்டும். கழுத்தில் கட்டினால் போதாதா என்றார் இவர். பிரேக் போட்டால் கழுத்து இறுகும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கிளம்பினோம். மழை விட்டிருந்தது. வானம் கட்டிடங்களுக்கு மேலேயே படுத்திருந்தது. அம்மாவுக்கு முட்டி மடக்க வராது, அதனால் முன்னால் உட்கார்ந்தார். நான் தொட்டிலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

செம்பூரில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். நாய் வழுக்கியது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. மார்புப் பட்டை பிடித்துக்கொண்டது. நாய் ஒரு சின்னச் சத்தம் போட்டது, அவ்வளவுதான். நிமிர்த்திப் பார்த்தபோது காலில் சுற்றியிருந்த கட்டின் அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

அம்மா திரும்பினார். “தையல் பிரிஞ்சுடுத்தா?”

“தெரியலம்மா.”

இவர் ஓரமாக நிறுத்தினார். நான் ரெக்ஸினைத் தடவிப் பார்த்தேன். எங்கள் சந்தில் மினுக்குப் பக்கம் எப்போதும் வெளியே, துணிப் பக்கம் உள்ளே. மாற்றித் தைத்தால் சேட் பையைத் திருப்பி எறிவார். கை அப்படியே பழகி, தொட்டிலிலும் மினுக்கு மேலே வந்துவிட்டது. பைகளுக்குக் கால் கிடையாது. நாய்க்கு நான்கு.

“திருப்பிப் போடணும்,” என்றேன்.

“துணி மேல வந்தா, ஒண்ணுக்குப் போனா ஊறிரும்லா?”

“கீழ மினுக்கு இருக்கு. சீட்டுக்கு எறங்காது.”

“பாக்க அசிங்கமா இருக்கும்.”

“நாய் பாக்கவா போவுது?”

அம்மா அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தார். “அவளுக்குக் கண்ணே சரியாத் தெரியாது.”

நான் நாயை ஏந்திக்கொண்டு நடைபாதையில் நின்றேன். கனம். சூடு. இவரே வார்களைக் கழற்றித் திருப்பிக் கட்டினார். மேலே துணி வந்தது. நாயைக் கிடத்தினேன். நகம் துணியில் பிடித்தது. பெருமூச்சு விட்டுத் தலையை என் மடியில் வைத்தது.

இவர் பின் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். மூக்கு போகும், தலை போகாது.

வாஷி பாலம் வந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பக்கத்துப் பாலத்தில் ரயில் எங்களோடு வந்தது. வாசலில் நின்றவர்களின் சட்டைகள் மட்டும் அசைந்தன. ரயிலும் நாங்களும் நிற்பது போலவும், தண்ணீர்தான் எங்களைக் கடந்து போவது போலவும் இருந்தது. இவர் ஆராதனையில் பாடிய பாட்டை வாய்க்குள் முனகினார். லாரிக்காரர்கள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். இவர் வேகம் கூட்டவில்லை.

தொட்டில் ஆடியது. நாயின் மூச்சோடு என் கை ஏறி இறங்கியது. உப்பும் சேறும் கலந்த வாசனை வந்தது. நான் தூங்கினேனோ என்னவோ. இந்த வயதில் என்னையும் யாரோ தொட்டிலில் போட்டிருப்பது போல இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கரை இருந்தால் அங்கே டாக்டர் இருப்பார், கட்டைப் பிரிப்பார். கரை வராவிட்டால் பிரிக்க வேண்டாம். அந்தப் பொட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வராமலே இருக்கட்டும் என்று இருந்தது.

வந்தது.

டாக்டர் மேசையில் வைத்துக் கட்டை வெட்டினார். ஈரப் பஞ்சால் துடைத்தார். நகம் ஒன்று பிளந்திருக்கிறது, ரத்தம் அதிலிருந்துதான் என்று ஹிந்தியில் சொன்னார். அம்மா நம்பவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“நான் பாக்க மாட்டேன். நீங்க எண்ணிச் சொல்லுங்கோ.”

குனிந்தேன். முடி மழித்த தோலில் கறுப்பு நூல். வேலையில் எண்ணுவது போலக் கீழிருந்து மேலே, தொடாமல் எண்ணினேன். வாசலில் நின்ற இவருடைய உதடும் அசைந்தது.

பதினாலு.