செல்வி வீட்டு வெள்ளை சோபா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராயபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள். பெண் என் பெண் அல்ல, எனக்கு வாடிக்கையாக மீன் தரும் செல்வியின் மகள் கௌரி. அப்புறம் உனக்கென்ன நெருப்பு என்கிறீர்களா? பற்ற வைத்ததே என் அண்ணன் மகள்தானே!

அண்ணன் மகள் நித்யா ஒரு கம்பெனியில் ஆப் டிசைன் செய்கிறாள். வீட்டை போட்டோ எடுத்து, கையிலிருக்கும் பட்ஜெட்டைச் சொன்னால் போதும். அந்தக் காசுக்குள் திரைச்சீலை, லைட், சோபா எல்லாம் போட்டு, ‘உங்கள் வீடு இப்படி மாறும்’ என்று படம் காட்டும். பிடித்ததை அதிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

“டெஸ்ட் பண்ண நிஜமான வீடு ஒண்ணு வேணும் அத்தை” என்றாள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி செல்வி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரே அறை. கட்டில், டிவி, மூலையில் வலை மூட்டை, பக்கத்தில் படகு எஞ்சின். கடலுக்குப் போகாத நாளில் எஞ்சினுக்கும் வீட்டுக்குள்தான் ஜாகை.

“எந்த ஸ்டைல் வேணும் ஆன்ட்டி? மாடர்ன், மினிமல்...”

“மினிமல்னா இன்னா கண்ணு?”

“வீட்டுல சாமான் கம்மியா இருக்கறது.”

“அது இப்பவே அப்டிதானே கீது! வேற காட்டு.”

காட்டினாள். வெள்ளை சோபா, மஞ்சள் விளக்கு, ஜன்னலில் மணிபிளான்ட்... அடேயப்பா! வலையையும் எஞ்சினையும் ஆப் துடைத்தே போட்டுவிட்டது. அதன் கணக்கில் அதெல்லாம் அடைசலாம். செல்வி வாயைப் பிளந்தாள்.

“யக்கா... இது நம்ம வூடா?”

பார்த்து ரசித்ததோடு விட்டாளா? வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். ‘எங்க வூடு’ என்று எழுதி, இரண்டு இதயம் வேறு! இந்தக் காலத்தில் நல்லதோ கெட்டதோ, ஸ்டேட்டஸில் வைத்தால்தானே நடந்த மாதிரி?

கௌரிக்குப் பேசிக்கொண்டிருந்த எண்ணூர் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்துவிட்டார்கள். அதுவரை தினம் போன் போட்டு, “சாப்டீங்களா?” என்று விசாரித்தவர்கள் கப்சிப். கடைசியில் ஒரே ஒரு மெசேஜ் — ‘ஞாயித்துக்கெயம வர்றோம். நேர்ல பேசிக்கலாம்.’

கௌரியின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“பேஜாரா பூட்ச்சிக்கா” என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்து சோபா எங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? பொய் சொல்லி பொண்ண கட்டிவைக்கப் பாக்கறாங்கன்னு நெனச்சிக்க மாட்டாங்க?”

ஆப்பிலேயே ஆர்டர் போடலாம் என்றால், டெலிவரி அடுத்த வாரம்தான். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் சோபாவையே தூக்கி வந்தார்கள். நல்ல மனசு... ஆனால் வாசலில் நுழைய வேண்டுமே? நிமிர்த்தி, சாய்த்து, கவிழ்த்து — ம்ஹூம்! வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்க ஆப்புக்குத் தோன்றவே இல்லை. நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வந்தேவிட்டார்கள். பாயை விரித்தோம். பையனின் அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்வை எஞ்சினில் போய் நின்றது.

“அந்த வெள்ள சோபா எங்கங்க?”

செல்வி மழுப்பவில்லை. “அது போன்ல போட்ட படங்க. நெஜ வூடு இதாங்க. ஆசைல வெச்சிட்டேன்... தப்பா எட்த்துக்காதீங்க” என்றவள், அழுதேவிட்டாள். நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

பையனின் அம்மா புருஷனை முழங்கையால் ஒரு இடி இடித்தார். “அப்பாடா! நல்லா கேட்டுக்கய்யா!” செல்வி பக்கம் திரும்பினார். “படத்தப் பாத்துட்டு இந்தாளு, ‘வலையக் காணோம், எஞ்சினக் காணோம்... இம்மாம் பெரிய எடம் நமக்கு ஒத்துவராது, நேர்ல போயி மரியாதையா வேணாம்னு சொல்லிட்டு வந்துரலாம்’னு சொல்லிகினு வந்தாருங்க! எங்க வூட்லயும் எஞ்சினு கட்டிலாண்டதான் கீது!”

அவ்வளவுதான். பையனின் அப்பா எஞ்சின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செல்வியின் வீட்டுக்காரரும் அவரும் கடல் கதை பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. கௌரி காபி கொண்டுவந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

யாராவது வருகிறார்கள் என்றால் நாமும் இதைத்தானே செய்கிறோம்? தினமும் புழங்குகிற சாமானையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்தவர் வீடு மாதிரி ஆக்கிவைக்கிறோம். வருகிறவருக்கோ எங்கே உட்காருவது என்று கூச்சமாக இருக்கிறது!

நித்யாவின் ஆப் இப்போது முதல் வேலையாக வாசல் அகலத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு படத்திலும் ‘இது கற்பனைப் படம்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறது. எதைத் துடைக்கலாம், எதைத் துடைக்கக் கூடாது என்றும் வீட்டுக்காரர்களிடமே கேட்டுக்கொள்கிறது.

நேற்று ஆப்புக்கு வந்த முதல் ரிவ்யூவை நித்யா அனுப்பினாள். ஐந்து ஸ்டார். கீழே செல்வி எழுதியிருக்கிறாள்: ‘ஒண்ணியும் வாங்கல. பொண்ணுக்கு எடம் முடிஞ்சிட்ச்சி. ரொம்ப நல்ல ஆப்!’