யாரும் கூப்பிடவில்லை

நாலாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் மூட்டை தூக்கி, இன்றைக்கு மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். எந்தப் புயலுக்கும் பயந்ததில்லை. ஆனால் நேற்று சாயங்காலம், ஆபீஸிலிருந்து வந்த மருமகள் சமையலறையிலிருந்து "இதோ வர்றேன் மாமா" என்றபோது பயந்துவிட்டேன். நான் கூப்பிடவே இல்லை.

நான் பிறந்த சிப்பிகாட் கிராமத்து வீட்டில் என் அம்மாவும் இப்படித்தான். ஆறு பிள்ளைகள், இரண்டு மாடு, அப்பா. யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். கடைசியில் யாரும் கூப்பிடாதபோதும் விறகுப் புகைக்குள்ளிருந்து "இதோ வந்துட்டேன்" என்பாள்.

"பேய்கிட்டயும் நல்ல பேரு வாங்கப் பாக்குறாடா உங்கம்மா" என்று அப்பா வெற்றிலை மென்றபடி சிரிப்பார்.

ஒருநாள் பதில் சொன்னவள் வெளியே நடந்துவிட்டாள். முதலை கிடக்கிற ஓடையில், இடுப்பளவு தண்ணீரில், சோற்றுக் கரண்டியோடு நின்றாள். கரையிலிருந்து கத்தினேன்.

"இருடா, அவங்க முதல்ல கேட்டாங்க. போட்டுட்டு வர்றேன்" என்றாள், திரும்பாமல். அவள் முன்னால் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அப்பா ஓடிவந்து இழுத்தார். அதற்கப்புறம் அவர் சிரித்ததில்லை. ஆனால் அன்று ராத்திரியும் அவளிடம்தான் சோறு கேட்டார்.

நேற்று மருமகள் கையில் கரண்டியோடு வாசலைப் பார்த்து நடந்தாள். மகன் சோபாவில் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா கூப்பிட்டா?"

"நீங்கதானே மாமா" என்றாள், வாசலையே பார்த்தபடி.

கரண்டியை வாங்கி மகன் மடியில் போட்டேன். அவளை உட்காரவைத்தேன். பிறகு வாசலில் நின்று, யாருமில்லாத தெருவைப் பார்த்துச் சொன்னேன்: "அவ வரமாட்டா."