கேத்தல் மூக்கும் ஒற்றைக் கண்ணும்

முட்டாள்தனத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தேயிலைக் கட்டையை ஒரே போடில் பிளந்து காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவடால் அடித்தேன். கட்டை பிளக்கவில்லை. தெறித்த துண்டு இடது கண்ணில் வந்து மோதியது. பதுளை ஆஸ்பத்திரியில், கண் இருக்கும், பார்வை வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒரு கண் போனால் பாதி உலகம் தெரியாது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். கிட்ட எது, எட்ட எது என்கிற நிதானமே போய்விட்டது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் படி இருக்கும் என்று காலை வைத்தால் இருக்காது; இருக்காது என்று நடந்தால் முட்டியைப் பெயர்க்கும். சுருட்டு ஒரு பக்கம், தீக்குச்சி ஒரு பக்கம். போதாக்குறைக்குத் தோட்டத்தில் எதிர்ப்படுகிறவனெல்லாம் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தனை, சொல்லு?" என்பான். கடித்துவிடலாமா என்றிருக்கும். விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாததால் பலர் தப்பினார்கள்.

கேத்தலைச் சாய்த்துக் கிளாஸில் தேத்தண்ணி ஊற்றுவதுதான் பெரும்பாடு. தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன மனைவிதான் வழி சொன்னாள். "கேத்தல் மூக்கைக் கிளாஸ் விளிம்புல முட்ட வச்சு ஊத்துங்க. கண்ணே வேணாம்." இன்றைக்கும் அப்படித்தான் ஊற்றுகிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியைப் பெண் பார்க்க ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரியவன். ஒற்றைக்கண்ணன் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இருந்த காலம்.

"சொல்லிருண்ணே. பின்னால தெரிஞ்சா நான்தானே பேச்சு வாங்கணும்" என்றாள் தங்கச்சி.

"சொல்லாட்டிப் போங்க, கேத்தல் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றாள் மனைவி.

இரண்டையும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வெளுத்த வேட்டியோடு வந்து, சொல்லி வைத்தாற்போல் என் இடது பக்கமே உட்கார்ந்தார். தங்கச்சி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கிளாஸை நீட்டினார். பக்கத்திலிருந்த கேத்தலை நான் வீராப்பாகத் தூக்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அது அவர் வாய்வைத்துக் குடித்த கிளாஸ். மூக்கை முட்ட வைத்தால் கேத்தலே எச்சில். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குத்துமதிப்பாகச் சாய்த்தேன். சீனித் தட்டுப்பாட்டிலும் லயம் முழுக்கக் கேட்டு வாங்கிப் போட்ட சீனி, அப்படியே அவர் மடியில் இறங்கியது. மனிதர் துள்ளி எழுந்தார்.

"இடது கண்ணு தெரியாதுங்க," என்றேன். "மறைச்சது என் புத்தி. தங்கச்சி சொல்லச் சொல்லித்தான் சொன்னிச்சு."

அடுப்படி வாசலில் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் வேட்டியை உதறினார், பிழிந்தார், என்னைச் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். அதற்குப் பதில் அவர் என் மேலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கலாம்.

"அப்ப... சம்பந்தம் என்னங்க ஆச்சு?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"கல்யாணப் பந்தியில நீங்க ரசம் ஊத்தாம இருந்தாப் போதும், சம்பந்தி."